உன் தாய்மாமன் ஒரு ஜெர்மன்காரர்

கண்ணா,

இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும். இன்று உனக்கு நான்கு வயது. பக்கத்து அறையில் மதியத் தூக்கத்தில் இருக்கிறாய். மூச்சில் லேசாக ஒரு கீச்சுச் சத்தம். இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்து வந்து உன் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன். வளர்ந்த மகனுக்குச் சொல்ல வேண்டியதை அவன் வளர்ந்த பிறகு சொன்னால் ஆகாதா என்று நீ கேட்கலாம். ஆகாது. நான் எதையும் தாமதமாகச் செய்கிறவள். தாமதமாகச் செய்ததெல்லாம் எப்படி முடிந்தது என்று இந்த ஒன்றிரண்டு வருடங்களில் பார்த்துவிட்டேன். நீ வளர்ந்த பிறகு சொன்னால், அதற்குள் எனக்குச் சாதகமாகக் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வைத்திருப்பேன். இப்போது எல்லாம் பச்சைப் புண்ணாக இருக்கிறது. திருத்த வழியில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. நீ தமிழ் படிப்பாயா? வாசலில் உன்னோடு விளையாடும் பிள்ளைகள் இந்த மொரீசியஸ் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசுகிறார்கள். நீயும் என்னிடம் தண்ணீர் கேட்பதைத் தவிர மற்றதெல்லாம் கிரியோலில்தான் கேட்கிறாய். நாளைக்குப் பள்ளிக்கூடம் போனால் பிரெஞ்சும் இங்கிலீஷும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கோ மனதில் இருப்பதைச் சொல்ல வேறு மொழி இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தை நீ யாரிடமாவது கொடுத்துப் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டி வரலாம். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டவில்லை. படித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் நமஸ்காரம். கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

"அப்பா ஏன் போனார்?" என்று ஒருநாள் நீ கேட்பாய். ஊரார் உனக்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள். நாடு விடுதலையாகிக் கொடி மாறிய வருடத்தில் எல்லோரும்தான் போனார்கள், வேலை இல்லை, போர்ட் லூயியில் கலவரம், பட்டாளம் வந்து தெருவில் நின்றது, பயந்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போனார்கள், படித்தவர்கள் இங்கிலாந்துக்குப் போனார்கள் என்பார்கள். ரோஸ் ஹில்லில் நம் தெருவிலேயே எதிர்வீடும் மூலைவீடும் பூட்டிக் கிடக்கின்றன. அது உண்மைதான். ஆனால் உன் அப்பா போனதற்கு அது காரணமில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் லோமன் என்கிற ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சினிமாப் படம் தயாரித்தவர், பிறகு படம் எடுக்கிறவர்களுக்குப் பணம் ஒதுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவர். அந்த நாற்காலியிலிருந்து அவர் இறங்கியதற்குக் காரணம் நீயும் நானும்.

உன் அப்பா ஒளிப்பதிவு படிக்கச் சென்னைக்கு வந்தபோதுதான் எனக்கும் அவருக்கும் கல்யாணம் ஆனது. நான் பி.ஏ. கடைசி வருடம். ஒரே பெண். அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டாள். "மொரீசியஸா, அது எங்கே இருக்கு?" என்று அப்பா அட்லஸில் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் தேடினார். நான் இங்கே வந்த மறு வருடமே அவரும் போய்விட்டார். கோபித்துக்கொண்டு போவதற்கு என்று பெண்ணுக்கு ஒரு வீடு வேண்டும், கண்ணா. போகாவிட்டாலும் பரவாயில்லை, இருக்க வேண்டும். எனக்கு இல்லை. சீமந்தத்துக்கு வளையல் போட என் பக்கத்திலிருந்து ஆள் இல்லை. நீ பிறந்ததைச் சொல்ல எனக்கு ஒரு விலாசம் இல்லை. சுயாக்கில் இருக்கும் உன் பார்வதி அத்தை, அதாவது உன் அப்பாவின் அக்கா, என்னை "மதராஸ்காரி" என்றுதான் கூப்பிடுவாள். அதில் பாதி கேலி, பாதி இரக்கம். அவள் பேசுவதெல்லாம் கிரியோல். மாமா, அண்ணி, கோவில், விபூதி என்று கொஞ்சம் தமிழ் நடுநடுவே விழும். இங்கே அவள் பேச்சை எல்லாம் நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அவள் குரல் மட்டும் இன்னும் உரக்க இருக்கும் என்று வைத்துக்கொள்.

லோமன் வந்தது நீ பிறந்த சில மாதங்களில். விடுதலைக்குக் காத்திருக்கும் ஒரு சர்க்கரைத் தீவைப் பற்றி ஜெர்மன் தொலைக்காட்சிக்கு ஒரு படம். உன் அப்பாவை இரண்டாவது ஒளிப்பதிவாளராக எடுத்துக்கொண்டார். இங்கிலீஷ் தெரிந்த, தமிழ் தெரிந்த, கிரியோலைத் தட்டுத் தடுமாறிப் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது உன் அப்பா என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். கைக்குழந்தையோடு நின்றவளை அவர் ஒருமுறை பார்த்தார். உயரமான மனிதர், முன்தலையில் முடி இல்லை, வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. "குழந்தைக்குப் பசிக்கும் நேரம் எதுவோ அப்போது எல்லோருக்கும் சாப்பாட்டு இடைவேளை" என்றார். கடைசிவரை அப்படித்தான் நடத்தினார். படப்பிடிப்பு வெயிலால் கெடாது, சாப்பாடு தாமதமானால்தான் கெடும் என்பது அவருடைய கட்சி.

நான் செய்த வேலைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எந்தத் தோட்டத்து மேலாளரிடம் எப்படிப் பேசினால் உள்ளே விடுவான், கரும்பு வெட்டும் பெண்கள் எந்த நேரத்தில் பேசுவார்கள், யார் வீட்டுக் கிணற்றடியில் இத்தனை பேருக்குத் தால் பூரி என்கிற பருப்பு ரொட்டி சுடலாம், மழை பிடித்துக்கொண்டால் காமிராவை எங்கே ஒதுக்கலாம், எல்லாம் என் தலையில். சுயாக்கில் அத்தை வீடுதான் எங்கள் கொட்டகை. அத்தை முதல் நாளே லோமனைப் பார்த்து, "மிஸ்யே, நீங்க படத்துல நடிக்கிறவரா?" என்றாள். இல்லை என்றார். "படம் பிடிக்கிறவரா?" இல்லை. "கதை எழுதுறவரா?" அதுவும் இல்லை. "அப்ப உங்களை எதுக்கு இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தாங்க?" லோமன் விழுந்து விழுந்து சிரித்தார். "அதைத்தான் பதினைந்து வருஷமா என் மனைவியும் கேட்டாள், கேட்டுவிட்டுப் போயும் விட்டாள்" என்றார். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தை சிரிப்பை நிறுத்தி அவர் தட்டில் இன்னொரு பூரி போட்டாள்.

அவர் வாழ்க்கையை எனக்குச் சொன்னதெல்லாம் காரில் போகும்போதுதான். ரோஸ் ஹில்லிலிருந்து சுயாக்குக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் கரும்பு நிற்கும், வேறு பார்க்க ஒன்றும் கிடையாது. நீ என் மடியில். போர் முடிந்து சிறைமுகாமிலிருந்து திரும்பியபோது அவருக்கு ஊரும் இல்லை, வேலையும் இல்லை. குண்டுவீச்சில் தப்பிய ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் ஒரு கம்பெனி படம் எடுக்கப் பார்த்தது. நடிகர்கள் இருந்தார்கள், கதை இருந்தது, பிலிம் சுருள்கூட எங்கிருந்தோ கிடைத்தது. ஆனால் கடுங்குளிர். கூடத்தில் கணப்பு மூட்டக் கரி இல்லை. வசனம் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. கோடைகாலக் காதல் காட்சியில் கதாநாயகி வாயிலிருந்து புகை வந்தால் என்ன செய்வது? வாசலில் வேலை கேட்டு நின்ற லோமன் ரயில்வே கிடங்குக்குப் போனார். என்ன பேசினாரோ, ஒரு வண்டிக் கரியோடு திரும்பி வந்தார். மறுநாளிலிருந்து அவர் தயாரிப்பு நிர்வாகி. "படத்தை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்பார். "கரி கொண்டுவருகிறவன்தான் தயாரிப்பாளன்."

பிறகு மலையும் மாட்டுக்கொட்டிலும் காதலுமாக ஒரே மாதிரிப் படங்கள். ஜனங்களுக்கு இடிந்த ஊரைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தது, இடியாத மலையைப் பார்க்கத் திரையரங்குக்கு வந்தார்கள். நன்றாக ஓடின. வீடு கட்டினார். ஒருநாள் அந்த வீட்டிலேயே உட்காரப் பிடிக்காமல் போயிற்று. சொந்த ஊர் எரிந்ததைப் பற்றி ஒரு படம் எடுத்தார். யாரும் வரவில்லை. வீடு போயிற்று, கம்பெனி போயிற்று, மனைவியும் போனாள். அந்தப் படத்துக்குப் பணம் கேட்டு அவர் ஏறி இறங்கிய படிகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் மாறும். "அவர்கள் மறுத்தது வலிக்கவில்லை. படிக்காமல் மறுத்தார்கள். நான் அனுப்பிய தாள்கள் திரும்பி வந்தபோது மடிப்புக்கூடக் கலையவில்லை." இப்போது அந்த நாட்டு அரசாங்கமே படங்களுக்குப் பணம் கொடுக்கக் குழு அமைக்கப் போகிறது, அவரையும் அதில் சேரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "போவீர்களா?" என்று கேட்டேன். "போவேன். கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஒருவனாவது அந்த மேசையில் இருக்கட்டும்."

உனக்கு ஒரு வயது நிறைந்தது. அத்தை மொட்டையும் காதுகுத்தும் சுயாக்கிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். கோவில், ஆசாரி, சந்தனம், கடுக்கன், எல்லாம் பேசி முடித்தாயிற்று. முதல்நாள் மாலை அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அது சரி மதராஸ்காரி, பிள்ளையை யார் மடியில வைக்கப் போற?" என்றாள்.

"அவங்க அப்பா மடியில வச்சுக்கறேன்."

"ஐயோ! அப்பன் மடியில வச்சுக் குத்துறதுக்கு அது என்ன அம்மை ஊசியா? தாய்மாமன் மடி வேணும். மாமன் இல்லாம குத்தினா பிள்ளை அநாதைன்னு அர்த்தம். ஊர்ல கேட்பாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லூரியில் படித்தவள், இதற்கெல்லாம் அழுவதா என்று அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. லோமன் வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். தாய்மாமன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார். படப்பிடிப்புக்கு ஏற்பாடு செய்கிற மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டார். மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தங்கம் போட வேண்டும். புதுத் துணி எடுக்க வேண்டும். பிறகு? பிறகு சாகும்வரை மாமன்தான், அவன் கல்யாணத்துக்கு வந்து நிற்க வேண்டும், தங்கைக்கு ஒன்று என்றால் கேட்க வேண்டும் என்றேன். "எனக்கு ஒரு தங்கை இருந்தாள். எங்கள் ஊர் எரிந்த இரவில் போய்விட்டாள்" என்றார். "நான் உட்காரலாமா என்று அந்த அம்மாளைக் கேளுங்கள்."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வேட்டி கட்டத் தெரியுமா?" என்றாள்.

தெரியவில்லை. உன் அப்பா கட்டிவிட்டார். கோவிலில் அந்தப் பெரிய மனிதர் சம்மணம் போட முடியாமல் முழங்கால் இரண்டும் இரண்டு பக்கம் தூக்கி நிற்க உட்கார்ந்தார். நீ வீரிட்டுக் கத்தினாய். சந்தனம் அவர் மார்பெல்லாம் அப்பிக்கொண்டது. ஆசாரி முதல் காதைக் குத்தியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது காதுக்கு மூடவில்லை, உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கடுக்கன் அவர் வாங்கியது. ரோஸ் ஹில் கடைவீதிக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போய்த் தேடி வாங்கினார். அன்று சாயங்காலம் நான் அவரை முதல்முதலாக "அண்ணா" என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு மிஸ்டர் லோமன் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஊருக்குத் திரும்பிய சில மாதங்களில் அவர் அந்தக் குழுவுக்கே தலைவரானார். மற்ற நாட்டுக்காரர்களும் ஒரு ஜெர்மன் கம்பெனியோடு சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். உன் அப்பாவுக்கு ஒரு படம் மனதில் இருந்தது. ரோஸ் ஹில்லிலிருந்து சுயாக் போகும் ஒரு பஸ். காலை முதல் மாலைவரை அதில் ஏறி இறங்கும் ஜனங்கள், நாடு விடுதலையாகப் போவதைப் பற்றி அவர்கள் போடும் சண்டை. அவ்வளவுதான் கதை. எழுதிக்கொடுத்தது நான். அப்போது உன் அப்பாவுக்குத் தகவல் இலாகாவில் தற்காலிக வேலை, அதுவும் முடிகிற தறுவாயில் இருந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவருடைய நண்பர்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். "இந்தப் படம் வந்தா இங்கேயே இருக்கேன். வரலைன்னா போறேன். நடுவுல ஒண்ணும் இல்லை" என்று அவர் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவரை இந்த வீட்டில் இருத்துவதற்கு எழுதியது.

விண்ணப்பத்தின் கடைசியில், விண்ணப்பதாரருக்கு ஜெர்மனியோடு ஏதாவது தொடர்பு உண்டா என்று ஒரு கேள்வி. உன் அப்பா என் தோள்மேல் குனிந்து பார்த்துவிட்டு, "போடு, போடு! தாய்மாமனைப் போடு. இதைவிடப் பெரிய சிபாரிசு எவனுக்கு இருக்கு?" என்றார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நம் ஊரில் ஒரு கதவைத் தட்டும்போது முதலில் என்ன சொல்வோம்? நான் இன்னாருக்கு உறவு என்போம். அது மரியாதை. உறவை மறைத்துக்கொண்டு போய் நிற்பதுதான் நம்மில் குற்றம். குழுத் தலைவர் எங்கள் முறைப்படி என் அண்ணன், என் மகனுக்குத் தாய்மாமன், அவர் மடியில்தான் காது குத்தினோம், தங்கமும் அவரே போட்டார் என்று அழகான இங்கிலீஷில் எழுதினேன். உன் அப்பா எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து வைத்தேன். வேட்டியில் அவர், மடியில் மொட்டைத் தலையோடு நீ.

என்ன நடந்தது என்பது பிறகு நாங்கள் கூட்டுச் சேர்ந்திருந்த ஜெர்மன் கம்பெனிக்காரர் எழுதித் தெரிந்தது. எங்கள் விண்ணப்பம் வந்ததும் லோமன், "எனக்கு இவர்களைத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அறையைவிட்டு எழுந்து போய்விட்டார். அங்கே அதுதான் முறையாம். வேண்டியவர்களின் காரியம் பேசப்படும்போது நாம் இருக்கக் கூடாதாம். மொரீசியஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் எழுந்து போனார். மீதி இருந்தவர்கள் தாள்களைப் புரட்டினார்கள், அந்தப் புகைப்படம் வந்தது. தலைவர் அரசாங்கப் பணத்தைத் தன் உறவினருக்கு ஒதுக்க வழி செய்தாரா என்று ஒருவர் கேட்டார். பத்திரிகையில் வந்தது. விசாரணை என்றார்கள். எங்கள் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தார்கள். தள்ளிவிடவில்லை, நிறுத்தி வைத்தார்கள். அந்த இடைவெளியில்தான் நான் தொலைந்தேன்.

போர்ட் லூயியில் ஜெர்மனிக்குக் கௌரவத் தூதராக இருந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், சர்க்கரைத் தரகு வியாபாரி. என்னிடம் வாக்குமூலம் வாங்கி அனுப்பும்படி அவரிடம் கேட்டிருந்தார்கள். உறவு இல்லை என்று ஆகிவிட்டால் லோமன் பதவி தப்பும், விண்ணப்பமும் அடுத்த கூட்டத்துக்குப் போகும். உன் அப்பா வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "இல்லைன்னு சொல்லிடு. ரத்த சம்பந்தமா? இல்லையே. பொய்யா இது? ஒரு வார்த்தைதானே" என்றார். கண்ணா, உன்னிடம் யாராவது ஒரு வார்த்தைதானே என்றால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடு. நான் எழுந்து வரவில்லை. தூதரைப் பார்க்கப் போன அன்று உன் அப்பாவுக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை. துணைக்கு அத்தை வந்தாள். உன்னையும் தூக்கிக்கொண்டு போனேன், யாரிடம் விடுவது?

குளிர்ந்த பெரிய அறை. ஜன்னலுக்கு வெளியே துறைமுகம். தூதர் மரியாதையானவர், எழுந்து நின்று நாற்காலி காட்டினார்.

"மதாம், இந்த மனிதர் உங்களுக்கு உறவா?"

"இல்லை."

"உங்கள் வழக்கப்படி?"

நீ என் மடியில் உட்கார்ந்து அவர் மேசைமேல் இருந்த பேனாவுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தாய். "எங்கள் வழக்கப்படி யாரையும் அண்ணன் என்போம். பஸ் கண்டக்டரையும் அண்ணன் என்போம்" என்றேன்.

அவர் சிரித்தார். "அந்தத் தங்கம்?"

"நாங்கள் வாங்கியது."

"அந்தச் சடங்கு?"

"அவர் படம் எடுக்க வந்தவர். எங்கள் பழக்கம் எப்படி என்று பார்க்க ஆசைப்பட்டார். சும்மா உட்காரவைத்தோம். புகைப்படத்துக்காக."

"சரி. ஆக, ஒரு நடிப்பு."

"ஆமாம். நடிப்பு."

மூலையில் இருந்த தட்டெழுத்தர் அதையும் தட்டினார். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நாங்கள் கிளம்பும்போது தூதர், அவளுக்கும் புரியட்டும் என்று, எல்லாம் சரியாகிவிட்டது, அது வெறும் விளையாட்டு என்று உங்கள் வீட்டு மதாம் சொல்லிவிட்டார் என்று கிரியோலில் சொன்னார். அத்தை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஊர் தாண்டியது. பிறகு உன்னை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மதராஸ்காரி, என் தம்பி போயிடக் கூடாதுன்னுதானே சொன்னே?"

"ஆமாக்கா."

"தெரியுது. நானா இருந்தாலும் சொல்லியிருப்பேன்." கொஞ்ச தூரம் போனதும், "ஆனா பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டே சொன்னே பாரு" என்றாள்.

உன் அப்பாவுக்குத்தான் அன்று எவ்வளவு சந்தோஷம்! கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். பஸ்ஸில் யாரை ஓட்டுநராகப் போடலாம் என்று பேசினார். நானும் பேசினேன். லோமனை என் வார்த்தையால் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். அவர் அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டினால் போதும், நான்கு பேரும் பிழைத்தோம். ஆமாம், நடிப்புதான் என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். படக்காரர்தானே, அவருக்குத் தெரியாத நடிப்பா?

அவர் சொல்லவில்லை. என் வாக்குமூலத்தை அவரிடம் படித்துக் காட்டினார்களாம். முழுவதும் கேட்டாராம். பிறகு, "அந்தப் பெண் என்னைக் காப்பாற்றச் சொல்லியிருக்கிறாள். அது நடிப்பில்லை. தங்கம் நான் வாங்கியது. அந்தப் பையன் என் மருமகன்" என்று சொல்லிவிட்டு அன்றே பதவியை விட்டுவிட்டார். கடைசிப் பக்கம்வரை படிக்கிற ஒருவர் அந்த மேசையில் இருந்தார், அவரும் இல்லாமல் போனார். பொய் வாக்குமூலம் கொடுத்தவர்கள் என்று எங்கள் விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இனி எப்போதும் நாங்கள் அங்கே விண்ணப்பிக்க முடியாது.

செய்தி வந்த அன்று உன் அப்பா வெகுநேரம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "நான் சொல்லச் சொன்னேன், நீ சொன்னே. மூணு பேர்ல அவர் ஒருத்தர்தான் சொந்தக்காரர் மாதிரி நடந்துக்கிட்டாரு" என்றார். பிறகு இங்கிலாந்துக்கு எழுதினார். விடுதலைக் கொடி ஏறியபோது அவர் இருந்தார், உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றார், எல்லோரும் கத்தியபோது நீயும் கத்தினாய். கரும்பு பூக்கத் தொடங்கியபோது போய்விட்டார். காமிராவை விற்றுவிட்டுத்தான் போனார். இப்போது ஏதோ ஒரு ஊரில் வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறார். நம்மைக் கூப்பிட்டுக்கொள்வதாக எழுதுகிறார். முதலில் நீளமாக எழுதினார், இப்போது எல்லாம் நலமா என்று கேட்டுவிட்டு முடித்துவிடுகிறார். நானும் எல்லாம் நலம் என்றுதான் எழுதுகிறேன். ஒருவர் முகத்தில் ஒருவர் பார்க்க வேண்டாத தூரம் எங்கள் இரண்டு பேருக்குமே கொஞ்சம் சௌகரியமாக இருக்கிறதோ என்றுகூடச் சில சமயம் பயமாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். என்ன சொல்ல? உறவு சொல்லிக்கொண்டு எந்தக் கதவையும் தட்டாதே என்று சொல்லலாம். அப்படி வாழ்கிறவன் நம் ஜனங்களில் எங்கே இருக்கிறான்? உண்மையே பேசு என்று சொல்லலாம். அவர் பேசினார், உன் அப்பாவை நீ இழந்தாய். சில மத்தியானங்களில் அவர்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது. என்னவோ தர்மபுத்திரர் மாதிரி, கொஞ்சம் தலையை ஆட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பார் என்று. உடனே சம்மணம் போட முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்துவிடும்.

போன வாரம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடங்களுக்குப் பாடப் படங்கள் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறாராம். மறுபடியும் கரி தேடுகிற வேலை என்று எழுதியிருக்கிறார். உன் அப்பாவின் விலாசம் கேட்டிருக்கிறார், இங்கிலாந்து பக்கம்தான், போய்ப் பார்க்க வேண்டுமாம். பையனை எப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறாய் என்று கேட்டிருக்கிறார். தூதர் அறையைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நான் அவரை இல்லை என்று சொன்னதே நடக்காத மாதிரி எழுதியிருக்கிறார்.

நீ வளர்ந்து அந்தப் பக்கம் போனால் அவரைத் தேடிப் போய்ப் பார். என் சார்பாக மன்னிப்புக் கேட்காதே, அதை நீ செய்ய முடியாது. உன் பெயரைச் சொல்லு, போதும்.

எழுந்துவிட்டாய் போலிருக்கிறது, கட்டில் கிறீச்சிடுகிறது. அவர் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் இன்று இந்தத் தாளை எடுத்தேன். எடுத்துவிட்டு, மேலே ஒன்றும் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் உன் பெயரைப் போட்டு உனக்கு எழுதிவிட்டேன். உன்னை அழைப்பது சுலபமாக இருந்தது. அவரை என்னவென்று அழைத்துத் தொடங்குவது என்று தெரியவில்லை.